கேட்காத கேள்விக்கும் பதில் வேண்டும்

சுங்கை பூலோவில் பூச்செடி வாங்கியவர்களுக்கு அந்தச் சாலை தெரிந்திருக்கும். 1930-இல் தொடங்கப்பட்ட பழைய தொழுநோய் இல்லத்தைச் சுற்றி வரிசையாகச் செடி நர்சரிகள். இல்லத்தில் இருந்தவர்கள் பிழைப்புக்காகச் செடி வளர்க்கத் தொடங்கியதுதான் இன்று கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் பெயர் பெற்ற வியாபாரமாக வளர்ந்து நிற்கிறது. சனிக்கிழமை காலையில் காரை நிறுத்த இடம் கிடைக்காது.

அந்தப் பக்கம் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் நர்சரி நடத்துகிறார். சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை துளசிச் செடி வாங்கப் போயிருந்தேன். அக்கா கோபத்தில் இருந்தார்.

“தம்பி, ஒரு வருசமா இந்தப் பிள்ளை எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல எழுதி வைக்குது. கேமரன் மலையிலேர்ந்து வந்த ரோஜா எத்தனை செத்துப்போச்சுன்னு கேட்டேன். ரெண்டு நாள் டைம் கேக்குது. என்னோட பழைய நோட்டுப் புத்தகமே தேவலாம் போல!”

“இந்தப் பிள்ளை” அக்காவின் மகள். பல்கலைக்கழகத்தில் தகவல் தொழில்நுட்பம் இறுதியாண்டு. நர்சரிக்கான நிரலைத் தானே எழுதியிருந்தாள். திறந்து காட்டினாள். அழகாகத்தான் இருந்தது. வாடிக்கையாளர் பெயரைத் தட்டினால் அவர் வாங்கிய ஆர்டர்கள், ஒவ்வொரு ஆர்டரிலும் உள்ள செடிகள், தொட்டி, உரம், விலை எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் வருகின்றன. ஆனால் அக்காவின் கேள்வி வாடிக்கையாளரைப் பற்றியது அல்ல. எந்த மொத்த வியாபாரியிடமிருந்து வந்த எந்தச் செடி, எப்போது செத்தது என்பதைப் பற்றியது. அந்த விவரங்கள் உள்ளே இருந்தன. அவற்றை எட்டும் வழிதான் இல்லை.

“மாமா, நான் செஞ்சது தப்பா?” என்று தனியாகக் கேட்டாள்.

தப்பில்லை என்றேன். அவள் விழுந்த அதே பள்ளத்தில் இருபது ஆண்டுகளுக்கு முன் நானும் விழுந்தேன். எங்களுக்கு முன்பே, உலகத்தின் பெரிய கணினி நிறுவனங்கள் சிலவும் விழுந்து எழுந்திருக்கின்றன.

அடுக்குக் கேரியரும் அலமாரி டப்பாக்களும்

கணினியில் தகவலைச் சேமித்து வைக்கும் இடத்துக்குத் தரவுத்தளம் என்று பெயர். வங்கிக் கணக்கு, மருத்துவமனைச் சீட்டு, டச் அண்ட் கோ அட்டையில் மீதமுள்ள பணம் எல்லாமே ஏதோ ஒரு தரவுத்தளத்தில்தான் இருக்கின்றன. அதை ஒழுங்குபடுத்துவதில் இரண்டு பெரிய வழிகள் உண்டு. சமையலறையை நினைத்துக்கொண்டால் இரண்டும் புரிந்துவிடும்.

முதல் வழி, அலமாரியில் வரிசையாக அடுக்கிய டப்பாக்கள். அரிசிக்கு ஒரு டப்பா, பருப்புக்கு ஒன்று, மிளகாய்த்தூளுக்கு ஒன்று. சாம்பார் வேண்டுமென்றால் நான்கு டப்பாக்களைத் திறக்க வேண்டும். ரசம் வேண்டுமென்றால் வேறு மூன்று. இதுதான் உறவுசார் தரவுத்தளம். வாடிக்கையாளர்களுக்கு ஓர் அட்டவணை, ஆர்டர்களுக்கு ஓர் அட்டவணை, செடிகளுக்கு ஓர் அட்டவணை. ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண். ஆர்டர் வரியில் வாடிக்கையாளரின் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்து இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வழி, அடுக்குக் கேரியர். சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் சமைத்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி மூடியாகிவிட்டது. எடுத்தால் முழுச் சாப்பாடும் கையில். இதுதான் பொருள்சார் தரவுத்தளம். நிரலாளர் தன் நிரலில் ‘ஆர்டர்’ என்ற ஒன்றை எந்த வடிவில் வைத்திருக்கிறாரோ, அதே வடிவில், உள்ளே உள்ள செடிகள், தொட்டிகளோடு சேர்த்து அப்படியே வட்டில் எழுதிவிடுவார். பிரிக்கவும் வேண்டாம், மறுபடி சேர்க்கவும் வேண்டாம்.

பசியோடு வருபவனுக்குக் கேரியர்தான் வேகம். ஆனால் வீட்டில் மொத்தம் எவ்வளவு பருப்பு இருக்கிறது என்று யாராவது கேட்டால், ஒவ்வொரு கேரியரையும் திறந்து குழம்பைக் கிளறிப் பார்க்க வேண்டும். அக்காவின் மகளுக்கு நேர்ந்தது இதுதான்.

1970-இல் வந்த ஒரு கட்டுரை

அட்டவணை முறையின் தந்தை எட்கர் காட். ஐபிஎம் நிறுவனத்தின் கலிபோர்னியா ஆய்வகத்தில் வேலை பார்த்த ஆங்கிலேயர். 1970 ஜூனில் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்றுதான் இன்றைய தரவுத்தளத் தொழிலின் அடித்தளம். அதற்கு முன் இருந்த தரவுத்தளங்களில் ஒரு தகவலை எடுக்க, எந்த வழியாகப் போக வேண்டும் என்று நிரலாளர் ஒவ்வொரு படியாகச் சொல்ல வேண்டும். வழி மாறினால் நிரல் நின்றுவிடும். ‘எனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன், எப்படி எடுப்பது என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளட்டும்’ என்பதுதான் காட் சொன்னதன் சாரம்.

அந்தக் கருத்தை வைத்து ஐபிஎம்மைச் சேர்ந்த டொனால்ட் சாம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974-இல் ஒரு கேள்வி மொழியை வெளியிட்டார்கள். அதுதான் இன்று எஸ்கியூஎல். 1979-இல் ஆரக்கிள் நிறுவனம் தன் தரவுத்தளத்தை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1986-இல் எஸ்கியூஎல் அமெரிக்கத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது.

இந்த வரலாற்றில் நம் பக்கத்துப் பெயர்களும் உண்டு. சென்னை ஐஐடியில் 1977-இல் பட்டம் பெற்ற சி. மோகன், ஐபிஎம் ஆய்வகத்தில் சக ஆய்வாளர்களோடு உருவாக்கி 1992-இல் வெளியிட்ட ‘ஏரிஸ்’ என்ற முறை, பாதி வேலையில் மின்சாரம் போனாலும் கணக்கு கெடாமல் தரவுத்தளத்தை மீட்டெடுக்க வழி செய்தது. வங்கியில் நீங்கள் பணம் மாற்றும் நொடியில் கணினி நின்றுபோனால், பணம் பாதியில் காணாமல் போகாததற்கு இப்படிப்பட்ட உழைப்பே காரணம். அதே ஐஐடியில் படித்த எஸ். சுதர்சன், உலகெங்கும் தரவுத்தள மாணவர்கள் படிக்கும் பாடநூல் ஒன்றின் ஆசிரியர்களுள் ஒருவர். அக்காவின் மகளின் மேசையிலும் அந்தப் புத்தகம் இருந்தது.

அட்டவணைகளைத் தூக்கி எறியப் பார்த்த காலம்

1980-களின் இறுதியில் காற்று மாறியது. ஸ்மால்டாக், சி பிளஸ் பிளஸ் போன்ற பொருள்சார் நிரல் மொழிகள் பரவின. நிரலாளர்கள் எல்லாவற்றையும் ‘பொருள்’களாக நினைக்கத் தொடங்கினார்கள். அந்தப் பொருள்களை அட்டவணையில் போட, ஒவ்வொரு முறையும் துண்டு துண்டாகப் பிரிக்க வேண்டும். எடுக்கும்போது மறுபடி ஒட்ட வேண்டும். நிரலின் பெரும் பகுதி இந்த வேலைக்கே போனது. இதற்குப் பதில் பொருளை அப்படியே வைத்துவிட்டால் என்ன?

ஜெம்ஸ்டோன், ஆப்ஜெக்ட்ஸ்டோர், வெர்சன்ட், ஆப்ஜெக்டிவிட்டி என்று நிறுவனங்கள் கிளம்பின. 1989-இல் மால்கம் அட்கின்சன் உட்பட ஆறு ஆய்வாளர்கள், பொருள்சார் தரவுத்தளம் எப்படி இருக்க வேண்டும் என்று ஓர் அறிக்கையே வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரும் நண்பர்களும், அட்டவணையைக் கைவிட வேண்டாம், அதையே விரிவுபடுத்துவோம் என்று மறு அறிக்கை விட்டார்கள். 90-களின் நடுவில் நான் படிக்கும்போது, அட்டவணைகள் இன்னும் பத்து ஆண்டு தாங்காது என்று சொன்னவர்கள் உண்டு. நானும் அதை நம்பினேன்.

நம்பியதற்குக் காரணம் இருந்தது. விமான இயந்திரத்தின் வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாகத்துக்குள் நூறு பாகங்கள், அவை ஒவ்வொன்றுக்குள்ளும் மேலும் நூறு. தொலைபேசி வலையமைப்பும் அப்படித்தான். இவற்றை அட்டவணையில் வைத்தால், ஒரு வரைபடத்தைத் திறக்க ஆயிரக்கணக்கான இணைப்புகள் தேவை. பொருள்சார் தரவுத்தளம் ஒரு பொருளிலிருந்து அடுத்த பொருளுக்கு நேராகத் தாவிப் போகும். அங்கே அது உண்மையிலேயே வேகம்.

கப்பல் தொழிலிலும் அது வேலை செய்தது. கிள்ளான் துறைமுகத்துக்கு வந்து போகும் கப்பல்களில் ஓஓசிஎல் என்று பெரிய எழுத்தில் எழுதிய கண்டெய்னர்களைப் பார்த்திருப்பீர்கள். ஹாங்காங்கைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தக் கப்பல் நிறுவனம், ‘ஐரிஸ்-2’ என்ற தன் மையக் கணினி முறையை ஜெம்ஸ்டோன் பொருள்சார் தரவுத்தளத்தின் மேல் கட்டி, உலகம் முழுவதும் உள்ள தன் அலுவலகங்களைப் பல ஆண்டுகள் அதிலேயே நடத்தியது. ஒரு முன்பதிவு, அதற்குள் கண்டெய்னர்கள், அவற்றுக்குள் சரக்கு, ஒவ்வொன்றுக்கும் பயண வழி என்று இயல்பாகவே ஒன்றுக்குள் ஒன்று அடங்கிய தொழில் அது. ஆகவே பொருள்சார் தரவுத்தளம் தோற்றுப்போன கனவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தகுந்த தொழில், தகுந்த ஆள்கள் இரண்டும் அமைந்தால் அது பெரிய வியாபாரத்தையே தாங்கும்.

அந்த இரண்டில் ஒன்று இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பது என் சொந்த அனுபவம்.

கிள்ளானில் தொலைந்த பணம்

2001-இல் கிள்ளானில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் நிரலாளராக இருந்தேன். சின்ன அலுவலகம். கணினிப் பிரிவில் நான் உட்பட இரண்டே பேர். கப்பல் நிறுவனம் பெரிய அளவில் செய்ததை நாமும் செய்யலாம் என்று ஒரு பொருள்சார் தரவுத்தளத்தை வாங்க வைத்தவன் நான்தான். வாடிக்கையாளர், அவருக்குள் சரக்குகள், சரக்குக்குள் கண்டெய்னர்கள், கண்டெய்னருக்குள் கட்டணங்கள் என்று அடுக்கு அடுக்காகக் கட்டினேன். வாடிக்கையாளர் போன் செய்தால், அவர் பேசி முடிக்கும் முன் திரையில் பதில் வந்துவிடும். முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார்.

ஆண்டு இறுதியில் ஒரு கப்பல் நிறுவனத்திலிருந்து கணக்கு வந்தது. துறைமுகத்திலிருந்து கண்டெய்னரைக் குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் உண்டு. அந்த ஆண்டு நாங்கள் கட்டிய டெமரேஜ் என்று அவர்கள் சொன்ன தொகைக்கும், எங்கள் கணினி சொன்ன தொகைக்கும் பல ஆயிரம் வெள்ளி வித்தியாசம். கணினிக் கணக்கைவிட அதிகமான பணம் அலுவலகத்திலிருந்து போயிருக்கிறது. கட்டணம் கட்டும் பொறுப்பு கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அம்மாவுடையது. பதினெட்டு ஆண்டு வேலை பார்த்தவர். எல்லார் பார்வையும் அவர் பக்கம் திரும்பியது. ஒருவரும் வாய்விட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு அவரோடு உட்காருபவர்கள் குறைந்தார்கள்.

“எல்லா வாடிக்கையாளருக்கும் சேர்த்து, இந்தக் கப்பல் கம்பெனிக்கு, மாதவாரியாக எவ்வளவு கட்டினோம்?” என்று முதலாளி என்னைக் கேட்டார். அட்டவணையாக இருந்திருந்தால் நான்கு வரியில் எஸ்கியூஎல் எழுதிப் பத்து நிமிடத்தில் கொடுத்திருப்பேன். என் தரவுத்தளத்தில் அந்தக் கேள்விக்குத் தனியாக ஒரு நிரல் எழுத வேண்டியிருந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளராகத் திறந்து, ஒவ்வொரு சரக்காகத் திறந்து, கண்டெய்னர்களைத் திறந்து, கட்டணங்களைக் கூட்ட வேண்டும். இரவு முழுவதும் ஓடியது. காலையில் வந்த தொகை, கணினி முன்பு சொன்ன அதே தொகைதான். அந்த அம்மாவின் நிலை இன்னும் மோசமானது.

உண்மை, அவர் வீட்டு பிஸ்கட் டின்னிலிருந்து வந்தது. ஒவ்வொரு ரசீதின் நகலையும் அவர் பழக்கம் காரணமாக எடுத்து வைத்திருந்தார். இரண்டு நாள் உட்கார்ந்து கையால் சரிபார்த்தோம். வித்தியாசம் முழுவதும் பதினோரு சரக்குகளில் இருந்தது. பதினொன்றும் கட்டணம் கட்டிய பிறகு வாடிக்கையாளரால் ரத்து செய்யப்பட்டவை. என் நிரல், ரத்தான சரக்கை வாடிக்கையாளரின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. கட்டணங்கள் தரவுத்தளத்துக்குள் எங்கோ பத்திரமாக இருந்தன. ஆனால் அவற்றுக்குப் போகும் ஒரே வழி வாடிக்கையாளர் வழி. அந்த வழி அறுந்ததும் அவை இல்லாதது மாதிரியே ஆகிவிட்டன.

தப்பு என்னுடையது. அட்டவணை முறையிலும் கவனமில்லாதவன் தப்புச் செய்யலாம். ஆனால் அங்கே கட்டணங்கள் ஒரே அட்டவணையில், எவரும் எந்தப் பக்கத்திலிருந்தும் பார்க்கும்படி கிடந்திருக்கும். நான் கட்டிய வீட்டில் ஒரே ஒரு வாசல். எனக்குத் தெரிந்த கேள்விகளுக்கு மட்டுமே அதைக் கட்டியிருந்தேன். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடு தம்பி” என்றார். அடுத்த ஆண்டே வேலையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் எல்லாத் தகவலையும் அட்டவணைக்கு மாற்ற ஏழு மாதம் ஆனது.

அட்டவணை ஏன் வென்றது?

என் கதை சிறியது. ஆனால் இதே பாடத்தைப் பல நிறுவனங்கள் பெரிய அளவில் கற்றன. பொருள்சார் தரவுத்தளங்களுக்குப் பொதுத் தரம் வகுக்க 1991-இல் கூடிய குழு 2001-இல் கலைந்தது. அவர்கள் வகுத்த தரம், எஸ்கியூஎல் போலப் பரவவே இல்லை. காரணங்களைப் பார்த்தால், கணினிக் காரணங்களைவிட வியாபாரக் காரணங்களே அதிகம்.

முதல் காரணம், வியாபாரத்தில் நாளை என்ன கேள்வி வரும் என்று இன்று தெரியாது. கணக்காய்வாளர் ஒன்று கேட்பார், வங்கி ஒன்று கேட்கும், அரசாங்கம் ஒன்று கேட்கும். அட்டவணை எல்லாக் கேள்விக்கும் ஒரே மாதிரி முகம் காட்டும்.

இரண்டாவது, நிரலைவிடத் தகவலுக்கு ஆயுள் அதிகம். பத்து ஆண்டில் நிரல் மொழி மாறிவிடும், எழுதியவர் சிங்கப்பூருக்குப் போய்விடுவார். வாடிக்கையாளர் கணக்கு மட்டும் இருக்கும். பொருள்சார் தரவுத்தளத்தில் தகவல், அதை எழுதிய நிரலின் வடிவத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அட்டவணையில் உள்ளதைப் புதிதாக வரும் எந்த மொழியும் படிக்கும்.

மூன்றாவது, ஆள் கிடைப்பது. எஸ்கியூஎல் தெரிந்தவரைக் கோலாலம்பூரில் நாளைக்கே வேலைக்கு எடுக்கலாம். ஏதோ ஒரு பொருள்சார் தரவுத்தளம் மட்டும் தெரிந்தவரைத் தேட வேண்டும். அந்தத் தரவுத்தளத்தை விற்ற நிறுவனமே இன்னொருவருக்கு விற்கப்பட்டால் நிலைமை இன்னும் சிக்கல்.

நான்காவது, அட்டவணைக்காரர்கள் எதிராளியிடமிருந்து நல்லதை எடுத்துக்கொண்டார்கள். 1999-இல் வந்த எஸ்கியூஎல் தரத்தில் பொருள்சார் வசதிகள் சேர்க்கப்பட்டன. 2001-இல் வந்த ஹைபர்னேட் போன்ற கருவிகள், பொருளைப் பிரித்து அட்டவணையில் போட்டு, மறுபடி ஒட்டிக் கொடுக்கும் வேலையை நிரலாளர் கையிலிருந்து வாங்கிக்கொண்டன. அதிலும் சிக்கல் உண்டு. கவனிக்காமல் விட்டால், இருநூறு ஆர்டர்களைக் காட்ட வேண்டிய ஒரு பக்கத்துக்காக அந்தக் கருவி தரவுத்தளத்துக்கு இருநூற்று ஒரு முறை ஓடும். உங்கள் அலுவலகத்தில் ஒரு பக்கம் திறக்க நேரமானால், பல சமயம் காரணம் இதுதான். ஆனாலும் பெரும்பாலான வியாபாரங்களுக்கு இந்தச் சமரசமே போதுமானதாக இருந்தது.

மருத்துவமனையில் வாழும் கேரியர்

அப்படியானால் கேரியர் முறை செத்துவிட்டதா? இல்லை. நோயாளியின் மருத்துவக் குறிப்பை நினைத்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பரிசோதனைகள் உலகில் உண்டு. ஒரு நோயாளிக்கு அவற்றில் பத்தோ இருபதோதான் செய்திருப்பார்கள். மருத்துவர் திரையைத் திறந்ததும் அந்த ஒருவரைப் பற்றிய முழு விவரமும் உடனே வர வேண்டும். இது கேரியருக்கு ஏற்ற பசி.

பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1966-ஐ ஒட்டிப் பிறந்த ‘மம்ப்ஸ்’ என்ற மொழி, தகவலை மரக்கிளை போல் ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கும். அதன் வழித்தோன்றலாக இன்டர்சிஸ்டம்ஸ் நிறுவனம் 1997-இல் ‘கேஷே’ என்ற தரவுத்தளத்தைக் கொண்டுவந்தது. அதில் ஒரே தகவலைப் பொருளாகவும் பார்க்கலாம், அட்டவணையாகவும் பார்க்கலாம். அமெரிக்காவின் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் ஓடும் எபிக் மென்பொருள் அதன் மேல்தான் வளர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த எபிக்கில் மருத்துவர் பார்ப்பது மரக்கிளை வடிவம். ஆனால் ‘சென்ற ஆண்டு இந்த மருந்து கொடுத்த நோயாளிகளில் எத்தனை பேர் திரும்ப வந்தார்கள்?’ என்ற கேள்விக்கு அந்த வடிவம் உதவாது. ஆகவே இரவுதோறும் தகவலைக் ‘கிளாரிட்டி’ என்ற அட்டவணைத் தரவுத்தளத்துக்குப் பிரதி எடுக்கிறார்கள். நோயாளிக்குக் கேரியர், நிர்வாகத்துக்கும் ஆய்வுக்கும் டப்பாக்கள். வசதி உள்ளவர்கள் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள்.

2009-இல் வெளிவந்த மோங்கோடிபி போன்ற ஆவணத் தரவுத்தளங்களும் கேரியர் வம்சத்தின் பேரப்பிள்ளைகள்தாம். அக்காவின் மகள் பயன்படுத்தியதும் இந்த வகைதான். இன்னொரு பக்கம், அட்டவணைக் குடும்பத்தைச் சேர்ந்த போஸ்ட்கிரெஸ், 2014 முதல் ஜேசன்பி என்ற வசதியால் கேரியரையே அட்டவணையின் ஒரு கட்டத்துக்குள் வைக்க இடம் கொடுத்துவிட்டது. சண்டை போட்ட இரண்டு குடும்பங்களும் இன்று சம்பந்திகள்.

அரசாங்கம் கேட்ட கேள்வி

நம் நாட்டில் கடை வைத்திருப்பவர்களுக்கு இது வெறும் கணினிப் பேச்சு அல்ல. 2015 ஏப்ரல் 1-இல் 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தது. விலைப்பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் வரிக் குறியீடு தேவைப்பட்டது. 2018 ஜூன் 1-இல் அது சுழியமானது. செப்டம்பர் 1-இல் எஸ்எஸ்டி திரும்பி வந்தது. மூன்றரை ஆண்டுக்குள் மூன்று மாற்றம். தகவல் அட்டவணையில் இருந்தவர்கள் ஒரு நிரலைச் சேர்த்து, அதாவது ஒரு புதிய கட்ட வரிசையைச் சேர்த்து, ஒரே கட்டளையில் நிரப்பினார்கள். தகவலை நிரலுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தவர்கள், அந்த நிரலை எழுதியவரைத் தேடி அலைந்தார்கள்.

2024 ஆகஸ்ட் 1 முதல் இ-இன்வாய்ஸ். ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேல் உள்ள நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாகச் சிறியவர்களை நோக்கி வந்தது. வருமான வரி வாரியத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு இ-இன்வாய்ஸுக்கும் 55 விவரக் கட்டங்கள் வகுக்கப்பட்டுள்ளன. வேடிக்கை என்னவென்றால், அதை அனுப்பும் வடிவம் எக்ஸ்எம்எல் அல்லது ஜேசன். விற்பவர், வாங்குபவர், பொருள் வரிகள், வரி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய கேரியர்! ஆக, வீட்டில் தகவலை டப்பாக்களில் வைத்துக்கொண்டு, வெளியே அனுப்பும்போது மட்டும் கேரியரில் கட்டி அனுப்பும் நிலைக்கு வந்திருக்கிறோம். அதுதான் நல்ல ஏற்பாடும்கூட. டப்பாவிலிருந்து எத்தனை விதமான கேரியர் வேண்டுமானாலும் கட்டலாம். கட்டிய கேரியரிலிருந்து பருப்பைத் திரும்ப எடுப்பதுதான் கஷ்டம்.

மென்பொருள் வாங்கும் குடும்ப வியாபாரிகளும், எழுதும் இளையோரும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டியவை மூன்று.

ஒன்று, இந்தத் தகவலை எழுதிய நிரல் இல்லாமல் வேறொருவர் படிக்க முடியுமா? விற்பவர் ‘முடியும்’ என்றால், அங்கேயே ஒரு பிரதி எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இரண்டு, இதுவரை யாரும் கேட்காத ஒரு கேள்வியை அந்த இடத்திலேயே கேளுங்கள். பதில் வர எத்தனை நாள்?

மூன்று, ரத்து செய்ததும் அழித்ததும் எங்கே போகின்றன? இந்த மூன்றாவது கேள்வியை 2001-இல் யாராவது என்னிடம் கேட்டிருந்தால், ஓர் அம்மா தலை குனிந்து உட்கார்ந்திருக்க வேண்டியிருக்காது.

மறுபடி நர்சரியில்

அக்காவின் மகளோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். அவள் எழுதிய திரைகள் எதையும் மாற்றவில்லை. அடியில் இருந்ததை மட்டும் ஐந்து அட்டவணைகளாக மாற்றினாள். வாடிக்கையாளர், ஆர்டர், ஆர்டரின் வரிகள், மொத்த வியாபாரி, செடி வரவு. பிறகு அம்மாவின் கேள்வியைத் தட்டினாள். பதில் வந்தது.

உண்மையில் அக்கா கேமரன் மலைக்காரரிடம் செடி வாங்குவதை நிறுத்திவிட முடிவு செய்திருந்தார். பல ஆண்டுப் பழக்கம். அவர் அனுப்பும் ரோஜாதான் சாகிறது என்பது அக்காவின் எண்ணம். பட்டியலைப் பார்த்தால் அவர் ரோஜா மட்டுமல்ல, யாரிடமிருந்து வந்த ரோஜாவாக இருந்தாலும், மூன்று வாரத்துக்கு மேல் விற்காமல் நின்றவைதான் செத்திருந்தன. மலைக்குளிரில் வளர்ந்த செடி, நம் ஊர் வெயிலில் எத்தனை நாள் தாங்கும்? கேமரன் ரோஜாவை அக்கா மொத்தமாக வாங்குவார், அதனால் அதுவே அதிக நாள் நின்றது, அதுவே கண்ணில் பட்டது.

அக்கா கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப அவரு மேல தப்பில்லையா?”

“இல்லைம்மா. நாமதான் ஒரேடியா நிறைய எடுக்குறோம்” என்றாள் மகள்.

அக்கா போனை எடுத்துக் கேமரன் மலைக்கு அழைத்தார். அடுத்த வாரம் வழக்கமாக எடுப்பதில் பாதியை மட்டும் அனுப்பச் சொன்னார். பேசி முடித்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

“தம்பி, அன்னைக்கு வாங்கின துளசி எப்படி இருக்கு?”

நன்றாக இருக்கிறது என்றேன். மகள் சிரித்துக்கொண்டே அதையும் கணினியில் எழுதிக்கொண்டாள்.